ஆபீஸ் கொடுத்த தங்கக் காசு: விலை பேசும் முன் அட்டையை வெட்டாதீர்கள்

கேள்வி: பெங்களூரில் ஐ.டி. நிறுவனம் ஒன்றில் வேலை. பத்து ஆண்டு முடித்ததற்கு 10 கிராம் தங்கக் காசு கொடுத்தார்கள். 24 கேரட், 999 தரம் (ஆயிரத்தில் 999 பங்கு தங்கம்). சீல் வைத்த பிளாஸ்டிக் அட்டையில் ஒரு வங்கியின் பெயர் இருக்கிறது. எனக்குத் தங்கத்தில் ஆசையில்லை, விற்று வீட்டுக் கடனில் கட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். பில் கையில் இல்லை. வங்கியில் கேட்டால் வாங்க மாட்டோம் என்கிறார்கள். வீட்டுப் பக்கத்தில் ‘பழைய தங்கத்துக்கு உடனடிப் பணம்’ என்று போர்டு வைத்த கடை இருக்கிறது. அங்கே கொடுக்கலாமா? வரி வருமா? (வாசகர், அல்சூர்)

பதில்: தாராளமாக விற்கலாம். கொடுத்த அன்றே அது உங்கள் சொத்தாகிவிட்டது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் அந்த உடனடிப் பணக் கடைக்கு முதலில் போகாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வங்கியோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. விற்ற காசைத் திரும்ப வாங்க ரிசர்வ் வங்கி விதிகளில் வங்கிகளுக்கு இடமில்லை. தன் சின்னத்தைப் பொறித்து, சந்தை விலைக்கு மேல் வைத்து விற்பார்களாம். திரும்பக் கொண்டுபோனால் கையை விரிப்பார்களாம். இப்படி ஒரு ஒருவழிப் பாதையை யார் நலனுக்காக வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

வரி விஷயம். நண்பர்கள் கொடுக்கும் பரிசுக்கு 50,000 ரூபாய் வரை வரி இல்லை, கல்யாணப் பரிசுக்கு வரியே இல்லை என்றெல்லாம் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதலாளி கொடுத்தால் அந்தக் கணக்கு செல்லாது, அது சம்பளத்தோடு சேர்ந்த சலுகை. 2025-26 நிதியாண்டு வரையிலான விதியில் ஆண்டுக்கு மொத்தம் 5,000 ரூபாய் வரையிலான பரிசுப் பொருளுக்குத்தான் விலக்கு. 5,000 ரூபாய்க்கு இன்று அரை கிராம் தங்கம்கூட வராது! அந்தக் காலத்தில் கிடைத்த காசு என்றால், நிறுவனம் தரும் வரிச் சான்றான படிவம் 16-உடன் வரும், சலுகைகளைப் பட்டியலிடும் 12பிஏ தாளில் பரிசு, வவுச்சர் என்ற வரியில் ஒரு தொகை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கு வரி பிடித்தாயிற்று. அந்தத் தொகையையே நீங்கள் காசை வாங்கிய விலையாக வைத்துக்கொள்ளுங்கள். விற்கும் விலை அதைத் தாண்டினால் மிச்சம் மட்டும் மூலதன ஆதாயம்: 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் 12.5 சதவீதம், அதற்குள் விற்றால் உங்கள் வருமான வரம்புக்கு உரிய வரி.

பில் நிறுவனத்தின் பெயரில் மொத்தமாக இருக்கும், அது உங்களுக்குக் கிடைக்காது. எச்ஆரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். உங்கள் பெயர், ஊழியர் எண், காசின் எடை, தரம், அட்டையில் உள்ள வரிசை எண், கொடுத்த தேதி, வரிக்கு எடுத்த மதிப்பு இவை இருந்தால் போதும். கடைக்காரர் பயப்படுவது திருட்டுப் பொருளோ என்றுதான். கடிதமும் ஆதார், பான் நகலும் அந்தப் பயத்தைத் தீர்த்துவிடும்.

இனி அட்டை. நிறையப் பேர் தவறு செய்யும் இடம் இதுதான். ஆசையாகக் காசைத் தொட்டுப் பார்க்க அட்டையைக் கத்தரித்துவிடுவார்கள். உங்கள் காசை வார்த்த சுத்திகரிப்பு ஆலையோ அதன் முகவரோ திரும்ப வாங்குகிற ஏற்பாடு இருந்தால், அங்கே அட்டை உடையாமல் இருப்பதுதான் முதல் நிபந்தனை. ஆகவே அட்டையின் பின்புறம் ஆலையின் பெயரைப் பாருங்கள். வங்கியின் பெயர் முன்னால் பெரிதாக இருக்கும், வார்த்தவர் பெயர் பின்னால் பொடியாக இருக்கும். அவர்களுக்குப் போன் செய்து மூன்று கேள்வி: திரும்ப வாங்குகிறீர்களா, பில் இல்லாமல் கடிதம் போதுமா, இன்றைய விலையில் எத்தனை சதவீதம் கழிப்பீர்கள்? அங்கே வழியில்லை என்றால்தான் சாதாரண நகைக்கடை. பிளாஸ்டிக்கோடு தரம் பார்க்க முடியாது என்பதால் அவர்கள் வெட்டியே தீர வேண்டும், அது நியாயம். ஆனால் விலையும் கழிவும் பேசி முடித்து, ஒரு தாளில் எழுதி வாங்கிய பிறகு, உங்கள் கண்ணெதிரே வெட்டட்டும். வெட்டிய காசோடு இன்னொரு கடைக்குப் போனால் உங்கள் பேச்சுக்கு அங்கே மதிப்புக் குறைவு. இது அவர்களுக்கும் தெரியும்.

அடுத்தது, எந்த விலை. கடைப் பலகையில் பெரிதாக எழுதியிருப்பது பெரும்பாலும் 22 கேரட் விலை. உங்களுடையது 24. கணக்குக்காக 24 கேரட் கிராம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், 22 கேரட் 11,000. பத்து கிராமுக்கு 1,20,000. இரண்டரை சதவீதம் கழித்தால் 1,17,000 கையில் வரும். அதையே 22 விலையில் போட்டு, ‘உருக்குச் சேதாரம்’ (உருக்கும்போது குறையும் என்று சொல்லும் எடை) மூன்று சதவீதம் கழித்தால் 1,06,700. பத்தாயிரத்துக்கு மேல் காணாமல் போய்விட்டது. கல்லும் பற்றவைப்பும் இல்லாத 999 காசில் சேதாரம் எங்கிருந்து வருகிறது?

உடனடிப் பணக் கடைகளின் பிழைப்பு இந்த இடைவெளியில்தான். தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று காட்ட மாட்டார்கள். தரம் பார்க்கும் ‘கேரட் மீட்டர்’ மெஷினை உள்ளறையில் வைத்துவிட்டுத் துண்டுச் சீட்டை மட்டும் நீட்டுவார்கள். தொடக்க விலை உச்சமாக இருக்கும், காசை உள்ளே கொண்டுபோன பிறகு படிப்படியாக இறங்கும். கையெழுத்து வாங்கும் படிவம் கன்னடத்தில் இருக்கும். படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரை அழைத்துப் போங்கள். ஆபீஸிலேயே எல்லாருடைய காசையும் சேர்த்து ‘மொத்தமாக நல்ல விலைக்கு’ விற்றுத் தருகிறேன் என்று ஒருவர் கிளம்புவார், அவருக்கு கமிஷன் எங்கிருந்து வரும் என்று யோசியுங்கள். நகரத்பேட்டை, ராஜா மார்க்கெட், டிக்கன்சன் ரோடு என்று மூன்று கடையில் 24 கேரட் கொள்முதல் விலை கேட்க அரை நாள் போதும்.

‘கழிவே இல்லை, நகையாக எடுத்துக்கொள்ளுங்கள்’ என்பது இன்னொரு வலை. கழிக்காததைச் செய்கூலியில் எடுத்துவிடுவார்கள், புது நகைக்கு 3 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. கடன் கட்டப் பணம் வேண்டிய உங்களுக்கு அது எதற்கு? காசை விற்கும் உங்களிடம் ஜிஎஸ்டி கழிக்கிறேன் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சொந்தத் தங்கத்தை விற்கும் தனிநபருக்கு ஜிஎஸ்டி கிடையாது.

ரொக்கமாகக் கேட்காதீர்கள். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொடுத்தால் கடைக்காரருக்கு அந்தச் செலவு வரிக்கணக்கில் செல்லாது. ஆகவே ரொக்கமாகத் தருகிறேன் என்பவர் பெரும்பாலும் பில் போடாதவர். உங்கள் மனைவி பெயரில் ஒரு பில், தம்பி பெயரில் ஒரு பில் என்று பிரிக்கச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். எடை, தரம், கிராம் விலை, கழிவு நான்கும் எழுதிய கொள்முதல் ரசீது உங்கள் பெயரில், பணம் உங்கள் கணக்கில்.

பணம் வந்ததாகச் செய்தி வரும் வரை காசு மேசை மேலேயே இருக்கட்டும். ‘இன்று ஞாயிறு, நாளைக்குத்தான் ஏறும்’ என்பார்கள். கணக்குக்குக் கணக்கு பணம் அனுப்பும் என்ஈஎஃப்டி முறை 2019 டிசம்பரிலிருந்து விடுமுறை நாளிலும் 24 மணி நேரமும் ஓடுகிறது, அரை மணிக்கு ஒரு தடவை தொகுத்து அனுப்புகிறார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். வரவில்லை என்றால் காசைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்திருங்கள்.