400 வெள்ளி கூட கிடைச்சா கிளம்பிடலாமா?

கேள்வி: அக்கா, பாயான் லெப்பாஸ்ல டெக்னீஷியனா இருக்கேன். நாலு வருஷத்துல மூணு கம்பெனி மாறிட்டேன். இப்ப இன்னொரு இடத்துல 400 வெள்ளி கூட தர்றோம்ங்கிறாங்க. ஆனா எங்க போனாலும் புது ஆளாவே இருக்கேன், உருப்படியா ஒண்ணும் கத்துக்கலியோன்னு தோணுது. போகவா?
- பட்டர்வொர்த் வாசகர்

பதில்: தம்பி, 400 வெள்ளி சின்னக் காசு இல்ல, மோட்டார் சைக்கிளுக்கு 2019லேர்ந்து பினாங்கு பாலத்துல டோல் இல்லன்னாலும் பெட்ரோலை யாரும் சும்மா ஊத்தித் தரப்போறதில்ல. நானே மூணு தடவை மாறினவதான், அதனால உபதேசம் பண்ண வாய் வரல.

ஆனா ஒண்ணு. நான் வயர் பாண்டிங் லைன்ல, அதாவது சிப்புக்கு மெல்லிசு கம்பி ஒட்டுற இடத்துல இருந்தப்ப முதல் ஆறு மாசத்துலயே வேலை தெரிஞ்சிடுச்சுன்னு நெனச்சேன், வயர் பேட்ல (சிப்புல கம்பி ஒட்ட வேண்டிய புள்ளி) ஒட்டலயா, கேப்பிலரிய (கம்பி வெளிய வர்ற ஊசி மாதிரி முனை) மாத்து, மிஷின் ஓடிடும், நான் ஜாலியா பசியாறப் போயிடுவேன். ரெண்டு நாள்ல அதே மிஷின், அதே அலாரம். பேட்ல அழுக்கு இருந்தாலும் ஒட்டாது, கிளாம்ப் சரியா பிடிக்கலன்னாலும் ஒட்டாது, இதெல்லாம் நான் பண்ண ரிப்பேரே திரும்பி வந்து மானத்தை வாங்கினப்பதான் புரிஞ்சுது. நீங்க ஒண்ணரை வருஷம் ஆகுறதுக்குள்ள கிளம்பிடுறீங்க, உங்க ரிப்பேர் திரும்பி வர்றப்ப அங்க நிக்கிறது வேற ஆளு. புது ஆளாவே இருக்கோம்னு தோணாம என்ன செய்யும்?

மாறினா நஷ்டம்னு சொல்லல. ஒரே கோளாறை ரெண்டு பேக்டரியில ரெண்டு விதமா சரி பண்றதை நீங்க பார்த்திருப்பீங்க, பத்து வருஷம் ஒரே லைன்ல இருந்தவருக்கு அது கிடைக்காது.

அதனால இண்டர்வியூல சம்பளத்தோட நிறுத்தாதீங்க. எந்த மிஷின், யாரு கூட நின்னு சொல்லித் தருவா, வருஷத்துக்கு என்ன டிரெயினிங்னு கேளுங்க. 10 பேரோ அதுக்கு மேலயோ மலேசியர் வேலை செய்யற பேக்டரி சம்பளத் தொகையில 1% லெவி எச்ஆர்டி கார்ப்ங்கிற மனிதவள மேம்பாட்டு நிறுவனத்துக்குக் கட்டுது, டிரெயினிங்குக்குன்னே இருக்கிற காசு அது, கேக்க வெக்கப்பட வேணாம். மழுப்பினாங்கன்னா இருக்கிற இடத்துலயே இன்னும் ஒரு வருஷம் இருங்க.

அப்புறம், மூணு கம்பெனியிலயும் வேலை செஞ்சதுக்கு கடிதம் வாங்கி வச்சிருக்கீங்களா? பிபிடிங்கிற முன் அனுபவ அங்கீகாரம் வழியா போனா கிளாஸ்ல உக்காராமலே அனுபவத்தை ஆதாரமா காட்டி எஸ்கேஎம்ங்கிற மலேசியத் திறன் சர்ட்டிபிகேட் எடுக்கலாம். பழைய சூப்பர்வைசர் நம்பர் இன்னும் போன்ல இருந்தா இந்த வாரமே கூப்பிட்டுடுங்க.