புதிதாகக் கட்டிய போறணையை மாரி மழையிலிருந்து எப்படிக் காப்பாற்றுவது?

போன மாதம் முற்றத்தில் பாண் சுட விறகு எரிக்கும் செங்கல் போறணை கட்டினீர்கள், மாரிக்குத் தறப்பாளால் இறுக்கி மூடினால் போதுமா என்று கேட்கிறீர்கள். தயவுசெய்து இறுக்கி மூடாதீர்கள். என்னுடையது அப்படி மூடித்தான் பழுதானது.

2020 ஊரடங்கில் பாணுக்குப் பட்ட பாட்டில், ஒக்டோபரில் எங்கள் வளவுக்குள் ஒன்று கட்டினோம். சாந்து காய முதலே மழை பிடித்துவிட்டது. கனடாவில் அப்படித்தான் சுற்றி வைப்பார்கள் என்று சித்தப்பா சொல்ல, நானும் தறப்பாளை அடிவரை இழுத்துக் கயிறு போட்டேன். டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் வந்தபோதுகூட மேலே ஒரு துளி படவில்லை. ஆனால் தைப்பொங்கலுக்கு முதல் நாள் அவிழ்த்தால் தறப்பாளின் உட்பக்கம் வியர்த்து ஒழுகுகிறது, கல்லெல்லாம் வெள்ளை உப்புப் பூத்திருக்கிறது. சாந்தில் இருந்த ஈரம் வெளியேற வழியில்லை, நிலத்து ஈரமும் கீழிருந்து ஏறியிருக்கிறது.

அம்மாவுக்கு அன்றைக்கே பாண் சுட்டுக் கொடுக்கும் ஆசையில் விறகை நிறைய அடுக்கி மூட்டிவிட்டேன். அரை மணித்தியாலத்தில் கல் இடுக்குகளில் ஆவி சீறியது, பிறகு டப்பென்று ஒரு சத்தம், சிரட்டையளவு செங்கல் சிதறி உள்ளே விழுந்தது. தண்ணீர் ஆவியானால் ஆயிரத்தைந்நூறு மடங்குக்கு மேல் இடம் கேட்கும், ஈரக்கல்லுக்குள் அதற்கு எங்கே இடம்?

தீக்கல், அதாவது கடும் சூடு தாங்கும் செங்கல், போட்டிருந்தால் வெடித்திராது என்று சிலர் எழுதுவார்கள். தீக்கல் என்றாலும் நனைந்தால் காயத்தான் வேண்டும், இடையிலுள்ள சாந்தும் அப்படித்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முன்பு எங்கள் ஒழுங்கையில் பனையோலை வேலிகள், வெள்ளம் கீழால் ஓடிவிடும். இப்போது வளவுக்கு வளவு மதில், வாய்க்காலையும் சேர்த்து மூடிக் கட்டுகிறார்கள். கேட்டால் தங்கள் காணியாம். அந்த வெள்ளம்தான் எங்கள் முற்றத்தில் கிழமைக்கணக்கில் நின்று போறணையின் அடியை ஊறவைத்தது.

சரி, உங்களுக்கு வருகிறேன். நாலு தூண் நட்டுத் தகரக் கூரை போடுங்கள், பக்கங்கள் திறந்திருக்கட்டும், சாரல் அடிக்கிற பக்கம் மட்டும் தறப்பாள் தொங்கவிடலாம். வாயை அடைக்காதீர்கள். சுற்றிவரச் சின்னக் கான் வெட்டுங்கள். மழை விட்டதும் முதல் நாள் நாலு பொச்சுமட்டை மட்டும், வெளிச்சுவரில் கை வைத்தால் இளஞ்சூடாக இருந்தால் போதும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டி ஒரு கிழமை அப்படி எரியுங்கள். ஆவி தெரிந்தால் அன்றைக்கு விறகைக் கூட்டக் கூடாது. தகரத்துக்குப் பதிலாகக் கிடுகு வேய நினைத்தால் வேண்டாம், பொறி பறக்கும்.