அப்பாவின் பிறந்தநாளுக்குப் பழைய படம்: முகமெல்லாம் உப்பித் தெரியுது

வணக்கம்ங்க. அப்பாவோட 80வது பிறந்தநாளுக்கு ஏற்காட்டு வீட்டுல நாள் முழுக்க டிவியில அஞ்சு பழைய படம் ஓட்டணும், ஆனா எல்லார் முகமும் உப்பித் தெரியுதுன்னு கேட்டிருந்தீங்க. டிவி நல்லாத்தான் இருக்கு. அந்தக் காலப் படத்தோட அகல-உயர விகிதம் 4:3க்குப் பக்கத்துல. உங்க டிவி அதை 16:9க்கு இழுக்குது. ரிமோட்ல பிக்சர் சைஸை 4:3 ஆக்குங்க, செட்டாப் பாக்ஸிலும் அதையே பாருங்க. ரெண்டு ஓரமும் கறுப்பா நிக்கும், நிக்கட்டும்.

அஞ்சு படம் தாங்காதுங்க, ஒவ்வொண்ணும் ரொம்ப நீளம். மூணு போதும். சேலத்துக்காரருக்கு அந்த ஊர் ஸ்டூடியோ மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படங்களை விட்டா வேறென்ன? காலையில 'மந்திரி குமாரி' (1950). கலைஞர் வசனமாச்சே, அசதி வர்றதுக்குள்ள கேட்டுடணும். சாப்பாட்டுக்கு அப்புறம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956). தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். நடுவுல கண்ணசந்தாலும் கதை தப்பாது. மூணாவதை அவரே சொல்லட்டும்.

மழை பிடிச்சா மலையில டிஷ் சிக்னலை நம்ப முடியாது. முந்தின நாளே இன்னொரு வழி பார்த்து வைங்க. மலை ஏறும்போது ஏற்காடு ரோட்டுல அந்த மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவோட நுழைவு வளைவுகிட்ட வண்டியைக் கொஞ்சம் நிறுத்துங்க, அப்பா பேச ஆரம்பிச்சுடுவார்.