வாடகையை நம்பி வீடு வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 41, தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். தாம்பரத்தை அடுத்து 50 லட்ச ரூபாய்க்கு இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீடு ஒன்று விலைக்கு வந்துள்ளது. வங்கிக் கடனில் வாங்கி, மாதம் 15,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டால், தவணையை வாடகையே அடைத்துவிடும் என்கிறார் தரகர். நம்பலாமா?
— வாசகர், குரோம்பேட்டை

பதில்: நம்ப வேண்டாம். இந்த விலையில் வங்கி பொதுவாக 80 சதவீதம், அதாவது 40 லட்சம் வரை கடன் தரும். 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 34,700 ரூபாய். வாடகை போக, மாதந்தோறும் 20,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவான தொகையை உங்கள் சம்பளத்திலிருந்து எடுத்து வைக்க வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமுமாக நாலரை லட்சம் தனி. அதற்கு வங்கி கடன் தராது என்பதால், கையிருப்பாக 14.5 லட்சம் இருந்தாக வேண்டும்.

வருமானத்தையும் பார்த்துவிடுவோம். ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாக இருந்தால் வருவது 1,65,000 ரூபாய். சொத்துவரி, காலியாக இருந்த மாதத்தின் பராமரிப்புத் தொகை, வெள்ளையடிப்பு, குழாய்ப் பழுது ஆகியவற்றுக்கு 20,000 ரூபாய் ஒதுக்கினால் எஞ்சுவது 1,45,000. நீங்கள் போட்ட 54.5 லட்சத்துக்கு இது 2.7 சதவீதம்கூட ஆகாது. வங்கியில் நிரந்தர வைப்பு வைத்திருப்பவர் இதைவிடக் கூடுதலாக வாங்குகிறார். வருமான வரியில், வாடகையிலிருந்து உரிமையாளர் செலுத்திய சொத்துவரியையும், மீதியில் 30 சதவீதத்தையும், கடன் வட்டியையும் கழித்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் வட்டியால் ஏற்படும் நட்டத்தைச் சம்பளத்தில் ஈடுகட்டப் பழைய வரிமுறையில் மட்டுமே, அதுவும் ஆண்டுக்கு 2 லட்சம் வரைதான் முடியும். புதிய வரிமுறையில் அந்த வழி இல்லை.

ஆகவே, பிற்காலத்தில் விலை ஏறும் என்ற எதிர்பார்ப்பும், இடைப்பட்ட ஆண்டுகளின் பற்றாக்குறையைத் தாங்கும் வருமானமும் இருந்தால் மட்டுமே இதை வாங்குவது பொருந்தும். அப்படியே வாங்குவதானாலும், வில்லங்கச் சான்றிதழ், மூலப்பத்திரம், பிரிபடாத மனைப் பங்கின் (அடுக்குமாடி நிற்கும் நிலத்தில் அந்த வீட்டுக்கு உரிய பங்கு) அளவு ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டிய பிறகு, தரகர் இல்லாமல் ஒருமுறை அந்தக் குடியிருப்புக்குச் சென்று, அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்களிடம் உண்மையில் எவ்வளவு வாடகை கொடுக்கிறார்கள், கோடையில் எத்தனை லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். 2015 வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கியதை அந்த வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை. வீடு பார்க்க வருகிறவர் சமையலறை மேடையைப் பார்ப்பதற்கு முன்பே, தெருவில் தண்ணீர் நிற்குமா என்றுதான் விசாரிப்பார். அந்தக் கேள்விக்கு நல்ல பதில் இல்லாத வீடு, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், ஆண்டுக்கு ஒரு மாதத்துக்கு மேலேயே காலியாகக் கிடக்கும்.

கேள்வி: சொந்த வீட்டின் மேல் 18 லட்ச ரூபாய் செலவில் மாடி கட்டி, 9,000 ரூபாய்க்கு விட எண்ணியுள்ளேன். குடிவரப் போகிறவர் தெரிந்தவர். 11 மாதத்துக்குத்தானே விடுகிறோம், எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் அவசியமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, திருச்சி

பதில்: மனைக்குத் தனியாகப் பணம் போட வேண்டியிராததால், செலவுகளைக் கழிக்கும் முன் 6 சதவீதம் வருகிறது, முந்தைய கேள்வியாளரைவிட நீங்கள் நல்ல நிலையில் இருக்கிறீர்கள். மாநகராட்சியின் கட்டட அனுமதியைப் பெற்று, மாடிக்குத் தனி மின் இணைப்பும் வாங்கிவிடுங்கள். ஒரே மீட்டரைப் பங்கிட்டுக்கொள்ளும் வீடுகளில் மனக்கசப்பு வராமல் இருப்பது அபூர்வம்.

ஒப்பந்தம் கட்டாயம் தேவை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்பதால்தான் 11 மாத வழக்கம் வந்தது. ஆனால், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் நில உரிமையாளர், குத்தகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, எத்தனை மாதத்துக்கு விட்டாலும் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து பதிவெண்ணும் பெற வேண்டும். அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். முன்பணத்தைப் பொறுத்தவரை, வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலன்றி, மூன்று மாத வாடகையே சட்டம் சொல்லும் உச்சவரம்பு. பத்து மாத முன்பணம் கேட்கும் பழைய வழக்கத்தை நீங்கள் தொடர வேண்டாம் என்பதே என் கருத்து. திருப்பித் தர வேண்டிய பணம் பெரும்பாலும் அதற்குள் வீட்டுச் செலவில் கரைந்துவிடுகிறது. தெரிந்தவர் என்பதைப் பொறுத்தவரை, வாடகை உயர்வை வாய்விட்டுக் கேட்க முடியாமல் தவிப்பது பெரும்பாலும் தெரிந்தவரிடம்தான். ஆண்டுக்கு எத்தனை சதவீதம் உயர்வு, காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, வெள்ளையடிக்கும் செலவு யாருடையது என்பவற்றை முதல் நாளே எழுதிவிட்டால் அந்தச் சங்கடம் இராது.

கேள்வி: இரண்டு மாதமாக வாடகை வரவில்லை. தண்ணீர் இணைப்பை நிறுத்திவிடலாமா?
— வாசகர், சேலம்

பதில்: கூடாது. தண்ணீர், மின்சாரம் போன்ற அடிப்படை வசதிகளைத் துண்டிப்பதை அதே சட்டம் தடைசெய்கிறது. புகார் செய்யும் உரிமை அப்போது குடியிருப்பவரின் கைக்குப் போய்விடும். பாக்கித் தொகையைக் குறிப்பிட்டு, சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் கேட்புக் கடிதம் அனுப்புங்கள். இரண்டு மாதப் பாக்கியை அதன்பின் ஒரு மாதத்துக்குள் முழுமையாகச் செலுத்தாவிட்டால், வெளியேற்ற உத்தரவு கோரி வாடகை நீதிமன்றத்தை அணுகலாம். முன்பணத்தில் கழித்துக்கொள்ளுமாறு அவர் சொன்னால், ஒப்பந்தத்தில் அப்படி எழுதப்படாதவரை ஒப்புக்கொள்ள வேண்டாம்.