ஊர் கேட்டால் பழவேற்காடு என்றே சொல்

தம்பி, நெதர்லாந்தில் எம்மலோர்டு பக்கம் வேலை கிடைத்திருக்கிறது, சீக்கிரம் கிளம்புகிறேன் என்று எழுதியிருந்தாய். குளிர் தாங்குமா, அரிசி கிடைக்குமா, வீடு எப்படிப் பிடிப்பது, ஆம்ஸ்டர்டாமை விட்டுத் தள்ளி ஒரு பட்டிக்காட்டில் போய் மாட்டிக்கொள்கிறேனா, யாராவது ஊர் கேட்டால் சென்னை என்றாலே போதுமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறாய். ஜாக்கெட்டை இங்கே வந்து வாங்கிக்கொள். பாரிமுனையில் வாங்குவது இந்த ஊர்க் காற்றுக்கு ஆகாது. அரிசி துருக்கிக்காரர் கடையில் கிடைக்கும். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

வீட்டு விஷயத்தில் கவனமாக இரு. நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்தால்தான் உனக்கென்று ஒரு எண் கொடுப்பார்கள். அந்த எண் இல்லாவிட்டால் சம்பளத்தில் பாதிக்கு மேல் வரியாகப் பிடித்துவிடுவார்கள், காப்பீடும் இழுபறிதான். நான் வந்த புதிதில் ஒரு தமிழர் மாடி அறையைக் கொடுத்தார். வாடகை ரொக்கமாக வேண்டும், முகவரியை மட்டும் பதியக் கூடாது என்றார். ஏன் என்று கேட்டதற்கு, வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார். தை மாதக் குளிரில் பெட்டியை இழுத்துக்கொண்டு அலைந்தேன். நம்ம ஆள் என்பதற்காக யாருக்கும் முன்பணம் கொடுத்துவிடாதே.

பட்டிக்காடு என்றாயே, அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழவேற்காட்டு ஏரிக்கரையில் பிறந்த உனக்கு அது புரியும். நீ வேலை பார்க்கப் போகும் மண் 1942 வரை நீருக்கடியில் இருந்தது. சுய்டர்ஜே என்ற உப்புநீர் உள்கடல் அது. 1932-இல் 32 கிலோமீட்டர் நீளத்துக்கு அணை போட்டு அதை வடகடலிலிருந்து பிரித்தார்கள். உப்பு போய் நன்னீர் ஏரியானது. அப்புறம் அதில் ஒரு பகுதியைச் சுற்றிக் கரை கட்டி, நீரை இறைத்து வெளியே விட்டு, வயலாக்கினார்கள். இன்றும் இறைத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். உருளைக்கிழங்கு வயலில் நிற்கிறபோது கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் கீழே நிற்கிறாய்.

அந்த வயல்களுக்கு நடுவே ஸ்கோக்லாண்ட் என்று ஒரு மேடு இருக்கிறது. ஒரு காலத்தில் தீவு. கடல் கரையை அரித்துக்கொண்டே வந்ததால் 1859-இல் அரசர் ஆணை போட்டு அங்கிருந்த மீனவக் குடும்பங்களை வெளியேற்றினார்கள். பழைய துறைமுகம் இருந்த இடத்தில் இன்று புல் வளர்ந்திருக்கிறது. 1995-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக்கியது. முதல் தடவை அங்கே போனபோது எனக்கு எண்ணூர்ப் பக்கத்துக் காட்டுப்பள்ளி ஞாபகம்தான் வந்தது. கப்பல் கட்டும் தளத்துக்காக இடம்பெயர்க்கப்பட்ட நம் குப்பத்துக்கு ஒரு நினைவுப் பலகைகூட யாரும் வைக்கவில்லை.

நான் எண்ணூர்க் காட்டுக்குப்பத்துப் பெண். கொசஸ்தலையாறு கடலில் சேரும் முகத்துவாரம்தான் எங்களுக்கு வாசல். இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் உட்கார்ந்த மாதிரி நகர்ந்து, சேற்றில் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள், இரண்டு கையும் வேலைக்கு வேண்டும் இல்லையா? பிடித்த இறாலைத் தலையைத் திருப்பாமலே பறிக்குள் போடுவார்கள். மேலே அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து படிந்து அந்தச் சேறு சாம்பல் நிறமாகிவிட்டது. 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயைச் சனங்கள் வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய் வந்தது.

இங்கே உள்கடலை அடைப்பதற்கு ஏழு வருடம் முன்பே, 1925-இல், பிழைப்பு போகும் மீனவர்களுக்கு உதவ ஒரு தனிச் சட்டம் போட்டார்கள். உதவி போதவில்லை என்று மீனவர்கள் குறைப்பட்டார்கள், அது வேறு. ஆனால் நெத்திலியும் ஹெர்ரிங் மீனும் போய்விடும், அவற்றை நம்பியவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அரசாங்கம் முன்கூட்டியே ஒப்புக்கொண்டது. எனக்கு அது பெரிய விஷயம். பக்கத்திலேயே உர்க் இருக்கிறது, அதுவும் முன்னாள் தீவுதான். இன்றும் மீன்பிடி ஊர். ஞாயிற்றுக்கிழமை படகு போகாது. கடலில் மாண்டவர்களின் பெயர்களைக் கடல் பார்த்த நினைவிடத்தில் பொறித்திருக்கிறார்கள். அங்கே மீன் விற்கிற அம்மாளோடு டச்சில் பேசித்தான் நான் இந்த மொழியைப் பிடித்தேன், வகுப்பில் அல்ல. மடவையை எப்படிச் சுத்தம் செய்வோம் என்று அவருக்குக் கையாலேயே காட்டியிருக்கிறேன். ஐன்ட்ஹோவனில் வருடக்கணக்காக இருந்தும் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமல், டச்சுக்காரர்கள் முரட்டு ஆட்கள் என்று குறை சொல்கிற நம் ஆட்களை எனக்குப் பிடிக்காது. அவர்களில் சிலர் எண்ணூர் என்றதும் "ஓ, நார்த் மெட்ராஸா" என்று ஒரு மாதிரி இழுப்பார்கள். அவர்களுக்காகவெல்லாம் ஊரை மறைக்காதே.

பழவேற்காடு என்று சொல். வங்காள விரிகுடாவுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு கிடக்கிறது, மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் நன்னீர் கொண்டுவரும், கோடையில் உப்பு ஏறும், முகத்துவாரம் மணல் மூடினால் மீன் வரத்து நின்றுபோகும் என்று சொல். யார் எந்த நாள் எங்கே வலை போடுவது என்று பாடு முறையில் ஊரே பிரித்துக்கொள்வதைச் சொல். இந்த நாட்டில் கரையையும் நீரையும் பார்த்துக்கொள்ள வாரியங்கள் இருக்கின்றன, அவற்றுக்குத் தேர்தலே நடக்கும். அதனால் நீ சொல்வது சட்டென்று புரியும்.

அப்புறம் கோட்டையைச் சொல். 1613-இல் கட்டிய கெல்டிரியா. 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அதுதான் தலைநகர். 1825-இல் ஆங்கிலேயரிடம் போனது. கல்லறைத் தோட்டத்து வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளைச் சின்ன வயதில் நீயும் தொட்டுப் பார்த்திருப்பாய். கட்டம் போட்ட துணி மட்டும் அந்தத் துறையிலிருந்து கப்பலேறவில்லை. பஞ்ச காலங்களில் ஆயிரக்கணக்கான நம் சனங்களை அடிமைகளாக வாங்கி, இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தேவியாவுக்கு அனுப்பினார்கள். 2023 ஜூலை 1 அன்று இந்த நாட்டு அரசர் அடிமை வணிகத்துக்காக மன்னிப்புக் கேட்டார். என் அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் டச்சுக் காலனியாக இருந்த சூரினாம் தெரியும், பழவேற்காடு தெரியாது. நான் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லியிருக்கிறேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, ஒரு பெரியவர் வரைபடத்தை எடுத்துவந்து இடத்தைக் காட்டச் சொன்னார்.

ஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தக் கம்பெனியின் தாள்கள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் அலமாரிகளில் இருக்கின்றன. வந்து செட்டிலானதும் சொல், சேர்ந்து போகலாம். அதற்கு முன்னால் வீட்டு ஒப்பந்தம் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்பு, முகவரியைப் பதியலாம் என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை கையெழுத்துப் போடாதே.