வாசகர் கேள்வி – பதில்: பழைய சிஸ்டத்தை எப்போது அணைப்பது?

கேள்வி: என் மகள் இ.சி.இ. இறுதியாண்டு படிக்கிறாள். ஏர் டிராஃபிக் கன்ட்ரோலை நவீனப்படுத்தும் திட்டங்களில் சேர ஆசைப்படுகிறாள். அங்கே இன்ஜினீயருக்கு அப்படி என்ன வேலை?

பதில்: புதிய கருவியை வாங்கிப் பொருத்துவது அதில் கால்வாசிகூட இல்லை. விமானங்கள் பறந்துகொண்டிருக்கும்போதே பழையதிலிருந்து புதியதற்கு மாறுவதில்தான் ஆண்டுக்கணக்கு போகும். அமெரிக்காவில் 20 ஏர் டிராஃபிக் மையங்களில் பழைய 'ஹோஸ்ட்' கம்ப்யூட்டருக்குப் பதில் 'எராம்' என்ற புதிய சிஸ்டம் வந்தது. 2010 கடைசியில் முடியவேண்டிய வேலை, 2015 மார்ச்சில்தான் முடிந்தது. சால்ட் லேக் சிட்டியிலும் சியாட்டிலிலும் முதலில் நள்ளிரவில், டிராஃபிக் குறைந்த நேரத்தில் மட்டும் ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு விமானத்தின் விவரம் வேறொரு விமானத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும் கோளாறெல்லாம் வந்தது. அந்த மாதிரி வந்தால் ஹோஸ்ட்டுக்கே திரும்பவேண்டியதுதான். திரும்பலாம் என்று யார் சொல்வது, எத்தனை நிமிடத்தில் திரும்புவது, அதுவரை புதியதில் பதிவான பிளைட் பிளான்கள் பழையதில் எப்படி ஏறும்? இதையெல்லாம் முன்கூட்டியே எழுதி, ஒத்திகை பார்த்து வைப்பவர்தான் புரோகிராம் மேனேஜர். கன்ட்ரோலர்களைக் கடைசியில் கூப்பிட்டு, 'இதோ உங்கள் புதுத் திரை' என்று காட்டும் திட்டம் தாமதமாகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்!

கேள்வி: ஒன்றுக்கு இரண்டாக சர்வர் வைத்தும் இந்த சிஸ்டங்கள் ஏன் படுத்துவிடுகின்றன?

பதில்: இரண்டிலும் ஓடுவது ஒரே சாஃப்ட்வேர் என்பதால். இங்கிலாந்தின் ஸ்வான்விக் ஏர் டிராஃபிக் மையத்தில் 2014 டிசம்பர் 12 அன்று நடந்ததைப் பாருங்கள். ஒரே நேரத்தில் 193 பணிநிலைகள் வரை இயங்கலாம் என்பது வடிவமைப்பு. ஆனால் சாஃப்ட்வேரின் ஒரு மூலையில் மட்டும் உச்சவரம்பு 151 என்று இருந்தது. அந்தப் பிழை 1990-களிலிருந்தே உள்ளே கிடந்தது. முந்தின நாள் செய்த மாற்றத்தில் எண்ணிக்கை 153 ஆனது. மறுநாள் ஒரு கன்ட்ரோலர் பட்டனை மாற்றி அழுத்த, சிஸ்டம் பட்டியலை எண்ணிப் பார்த்தது, கணக்கு இடித்தது, முதல் சர்வர் நின்றது. ஸ்டாண்ட்பை சர்வர் அதே கட்டளையை எடுத்துச் செய்து, அதுவும் நின்றது. வன்பொருள் பழுதுக்குத்தான் ஸ்டாண்ட்பை கைகொடுக்கும். உச்சவரம்பைத் தொடும்வரை ஏற்றிச் சோதித்தால்தான் இந்த வகைப் பிழை பிடிபடும்.

கேள்வி: இந்தியாவில் இதற்கு வழி?

பதில்: விமான நிலைய ஆணையத்தின் ஜூனியர் எக்சிக்யூட்டிவ் (எலெக்ட்ரானிக்ஸ்) பணி. அண்மை ஆண்டுகளில் கேட் (GATE) நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணை வைத்தே எடுக்கிறார்கள். ஜூனியர் எக்சிக்யூட்டிவ் (ஏடிசி) வேறு. அது கன்ட்ரோலர் வேலை. விண்ணப்பத்தில் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சேர்ந்ததும் திட்டப் பிரிவைக் கேட்காமல், சில ஆண்டு ரேடார், வி.எச்.எஃப். (விமானியுடன் பேசும் ரேடியோ), ஐ.எல்.எஸ். (தரையிறங்க வழிகாட்டும் கருவி) பராமரிப்பில் ஷிஃப்ட் பார்க்கட்டும்.