பாராட்டு விழாவுக்கு எந்த நாள் நல்லது?

கேள்வி: எங்கள் ஊரில் ஓர் அக்கா தினமும் மாலையில் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் பாடம் சொல்லித் தருகிறார். அவரைப் பாராட்ட 3,000 ரூபாய் சேர்த்திருக்கிறோம். எப்படிச் செய்யலாம்?
- ஏற்காடு வாசகி

பதில்: நாள்தான் முக்கியம். நவம்பர் முதல் ஜனவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம். கூலியை விட்டுவிட்டுப் பெற்றோர் வர முடியாது. அக்டோபர் 2 கிராம சபை நல்ல நாள். விடுமுறை, ஊரும் கூடும். ஊராட்சிச் செயலாளரிடம் ஒரு வாரம் முன்பே சொல்லிப் பதினைந்து நிமிடம் கேளுங்கள். பேச்சாளர் இருவர் போதும். அதற்கு மேல் போனால் பிள்ளைகள் எழுந்து ஓடிவிடுவார்கள்.

ஷீல்டு சேலத்தில் செய்வதானால், பெயரை இனிஷியலோடு அந்த அக்காவையே எழுதித் தரச் சொல்லுங்கள். போனில் சொன்னால் ல, ள மாறும். பித்தளைத் தகட்டில் வெட்டிய எழுத்தைத் திருத்த முடியாது, புதுத் தகடுதான்.

சால்வை ஒன்று போதும், பத்துப் பேர் போர்த்த வேண்டாம். மிச்சப் பணத்தில் வகுப்புக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். சார்ஜ் விளக்கு, கரும்பலகைக்கு அரை லிட்டர் பெயின்ட், ஈரத்தரையில் விரிக்கத் தார்ப்பாய் மாதிரி ஏதாவது சொல்வார்.

பிள்ளைகள் ஆளுக்கு அரைப் பக்கம் பென்சிலில் எழுதட்டும். பிழை இருந்தாலும் பெரியவர்கள் கை வைக்காதீர்கள். தாள்களை நூலில் கோத்து, இருப்பதிலேயே சின்னப் பிள்ளையின் கையால் கொடுக்கச் சொல்லுங்கள்.